பால் செரியாதோர் உணவு



பால் நல்லுணவு என்பதில் ஐயமில்லை. ஆயினும், நல்லுணவெல்லாம் எல்லார் உடலுக்கும் ஒரே அளவில் ஏற்பதில்லை. ஒரு குவளைப் பால் பருகியதும் வயிறு பொருமி, இரைந்து, கழிச்சலுக்கு ஆளாகும் இளைஞர் நம்மிடையே பலர். நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், பாலை மறுக்கும் மாணவரைப் பிடிவாதக்காரர் என்று பிறர் ஏசக் கேட்டதுண்டு. அது பிடிவாதமன்று, உடலின் இயல்பு.

பாலில் லாக்டோஸ் என்னும் சர்க்கரை உள்ளது. அதனைப் பிளந்து செரிக்கச் செய்வது சிறுகுடலில் உள்ள லாக்டேஸ் என்னும் நொதி. மழலைப் பருவத்தில் நிறைந்திருக்கும் இந்நொதி, வளர வளரப் பலருக்குக் குறைந்துவிடுகிறது. செரியாத சர்க்கரை பெருங்குடலை அடைய, அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கச் செய்கின்றன, வாயு பிறக்கிறது. உலகில் வளர்ந்தோருள் ஏறத்தாழ மூன்றில் இருவர் இத்தகையோரே. நம் நாட்டில், வடமேற்கைக் காட்டிலும் தென்னாட்டில் இவர்கள் மிகுதி.

அங்ஙனமாயின் பாலை அறவே விலக்க வேண்டுமா? பெரும்பாலோர்க்கு வேண்டியதில்லை. 200 மில்லிலிட்டர் பசும்பாலில் ஏறக்குறைய 10 கிராம் லாக்டோஸ் உண்டு. வெறும் வயிற்றில் அதனைத் தாங்காதவரும், உணவோடு சிறிது சிறிதாகப் பருகினால் தாங்கக்கூடும். தயிரிலுள்ள நுண்ணுயிர்கள் அச்சர்க்கரையில் ஒரு பகுதியை முன்னரே கரைத்துவிடுகின்றன; எஞ்சியது செரிக்கவும் துணைபுரிகின்றன. ஆதலின் தயிரும் மோரும் பலருக்கு ஒத்துக்கொள்ளும். நெய்யில் லாக்டோஸ் இல்லையென்றே சொல்லலாம். பால்கோவாவிலோ, பால் சுண்டச் சுண்ட அது செறிந்து நிற்கிறது.

பாலைக் குறைப்போர் ஒன்றை மறத்தலாகாது. எலும்பு உறுதிபெறும் பருவம் உங்களுடையது. அதற்குக் கால்சியம் வேண்டும். நான் வாழும் தூத்துக்குடி, கொற்கைக் காலந்தொட்டு முத்துக்குப் பெயர்பெற்ற கரை. முத்தும் பெரும்பாலும் கால்சியத்தாலானதே. ஆனால் அது அணிவதற்கு. உண்பதற்குரிய கால்சியத்தை இக்கடல் நெத்திலியிலும் சாளையிலும் வைத்திருக்கிறது. நன்கு சமைத்து, மெல்லிய முள்ளோடு மென்று உண்ணல் வேண்டும்.

மீன் உண்ணாதோர்க்குக் கேழ்வரகு உண்டு. அதன் 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். அதே எடைப் பசும்பாலில் இருப்பது சுமார் 120. கேழ்வரகை முளைகட்டி உண்டால் அச்சத்து உடலில் நன்கு சேரும். முருங்கைக்கீரையும் எள்ளும் இவ்வகையின. தேங்காய்ப்பாலில் லாக்டோஸ் இல்லை. கால்சியமும் மிகக் குறைவு. பெயரைக் கண்டு ஏமாறற்க!

இனிப்பு வேண்டுவோர்க்கும் குறையில்லை. எங்கள் ஊர் மக்ரூன், முந்திரியும் சர்க்கரையும் முட்டை வெண்கருவும் சேர்ந்தது. அதற்குப் பால் வேண்டா. பொட்டலத்துப் பண்டமாயின், பால்பொடி கலந்துள்ளதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

எதை, எவ்வளவு உண்டபோது என்ன நேர்ந்தது என்று இரண்டு வாரம் குறித்து வாருங்கள். உங்கள் அளவு உங்களுக்கே விளங்கும். எடை குறைதல், குருதி போதல், உடலில் தடிப்பு எழுதல் ஆகியன வேறு நோயின் குறியாகலாம், மருத்துவரை நாடுக. திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரம் பெரிதும் பேசுவது உணவின் அளவைப் பற்றியே என்பதை எண்ணிப் பாருங்கள். தன் உடலை அறிந்து உண்பவனை நகைப்பது அறியாமை; அவனுக்கு ஏற்ற உணவை இடுவதே விருந்தோம்பல்.