நன்கொடை பெறும் முறை

1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி திறந்தார். பிறர் நன்கொடையே அதற்கு உதவிற்று. 1958இல், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் கூடிய பள்ளிச் சீரமைப்பு மாநாடோ, ஊராரே தம் பள்ளிக்கு ஈயும் வழியைக் காட்டிற்று. முடிச்சூர் வாழ் நமக்கு இரண்டாம் வழியே உகந்தது.

வெளியார் உதவியை நாம் வெறுக்கவில்லை. ஆயின், ஒரு நோட்டுப் புத்தகத்துக்காகப் பிள்ளையை மேடையேற்றி, பெயரும் தெருவும் கூறிப் படமெடுப்பதை ஒப்போம். நாமும் அவ்வாறு நின்றவர்களே. பெற்ற சிலேட்டு அவ்வாண்டே உடைந்தது. அன்று குனிந்த தலை இன்னும் நினைவிலிருக்கிறது.

இளைஞர்களே! வீடுதோறும் பத்து ரூபாயேனும் திரட்டுங்கள். இரசீது கொடுங்கள்; வரவு செலவைச் சங்கத்துக் கரும்பலகையில் எழுதுங்கள். வாங்கிய பொருளைப் பள்ளியில் ஒப்படையுங்கள். வகுப்பாசிரியர் பாடப் புத்தகத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார்.