கருந்துளையும் கடல்மக்களும்
(மணப்பாட்டில் நடைபெற்ற நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் எம்மை விண்ணியல் குறித்துப் பேசுமாறு பணித்தீர்கள். விண்மீனை நோக்கித் திசையறிந்து தோணி செலுத்திய முன்னோரின் வழிவந்தவர் நாம். ஆதலின் இப்பொருளை மனமுவந்து ஏற்றோம்.

கருந்துளையாவது, பெருந்திணிவு மிகச் சிறிய இடத்தில் ஒடுங்கி, ஒளியையும் வெளிச்செல்லவிடாது ஈர்ப்பதாகும். ஒளிவிடாத பொருளை அறிவது எங்ஙனம்? முத்துக்குளித்தலை நினைவு கூருங்கள். மூழ்கியவனைத் தோணியிலிருப்போர் காணார். கயிற்றின் அசைவாலும் நீர்க்குமிழியாலும் அவனிருப்பை அறிவர். அவ்வாறே, கருந்துளையை நோக்கிச் சுழன்று வீழும் வாயு பல இலட்சம் பாகை வெப்பமுற்று எக்ஸ் கதிர்களை வீசுகின்றது. அக்கதிர்களே நமக்குக் குமிழிகள்.

அவற்றைக் காற்றுமண்டலம் தடுத்துவிடுதலால் தொலைநோக்கியை விண்ணில் நிறுத்தல் வேண்டும். 1999 ஜூலை 23-இல் அமெரிக்கர் ஏவிய அத்தகைய கருவிக்குச் 'சந்திரா' என்று பெயர். எக்ஸ் கதிர் ஆடியின்மேல் நேரே விழின் உட்புகுந்து மறையும். ஆதலின், தட்டைக்கல் கடல்நீர்மேல் தத்திச் செல்வதுபோலக் கதிர் சாய்வாக உரசிச் செல்லுமாறு அதன் ஆடிகளை அமைத்துள்ளனர்.

நமது பால்வீதியின் நடுவே, ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுத் தொலைவில், சூரியனைப்போல் 40 இலட்சம் மடங்கு நிறையுள்ள கருந்துளை இருக்கின்றது. அது பெரும்பாலும் அடங்கிக் கிடந்து, இடையிடையே எக்ஸ் கதிரிற் சுடர்விடுகின்றது. 25 இலட்சம் ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள ஆந்திரமீடா மண்டலத்தின் நடுக்கருந்துளை அதனினும் பன்மடங்கு பெரிது, எனினும் மங்கலே. 5.5 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள எம்87 மண்டலத்திலோ, 650 கோடி சூரிய நிறையுள்ள கருந்துளையின் அருகிலிருந்து பீறிடும் தாரை எக்ஸ் கதிரில் நீண்டு ஒளிர்கின்றது. இதனால் அறிவது யாது? பருமன் மட்டும் ஒளிதராது, இரை வேண்டும்.

'சந்திரா' என்னும் பெயர் தமிழ்க் குடும்பத்திற் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக இடப்பட்டது. 1930-இல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்து நோக்கிக் கப்பலிற் செல்கையில், சூரியனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கிற்கு மேற்பட்ட நிறையுள்ள விண்மீன் வெண்குறுமீனாக அடங்கி நிலைபெற இயலாதென்னும் முடிவுக்கு வழிகோலிய கணக்கை அவர் இட்டார். 1935-இல் எடிங்டன் என்னும் பேரறிஞர் அதனை அவையில் எள்ளி மறுத்தார். இளைஞர் கணக்கைக் கைவிட்டாரல்லர். 1983-இல் நோபெல் பரிசு அவரை வந்தடைந்தது.

நம் நாடும் 2015 செப்டம்பர் 28-இல் 'ஆஸ்ட்ரோசாட்' என்னும் எக்ஸ் கதிர் நோக்கும் விண்கலத்தை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிற்று. இப்பொழுதோ, நமக்கு அண்மையிலுள்ள குலசேகரன்பட்டினத்திலேயே ஏவுதளம் அமைக்க 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. அங்கிருந்து கலம் எழும் நாளில் நம் மக்கள் கரையில் நின்று வேடிக்கை பார்ப்போராய் மட்டும் இருத்தல் தகுமோ?

நம் பிள்ளைகளிடம் அறிவுக்குக் குறைவில்லை. இரையின்றி மங்கிக்கிடக்கும் கருந்துளை போலவே, நூலும் ஊக்கமுமின்றிப் பன்னிரண்டாம் வகுப்போடு பலர் நின்றுவிடுகின்றனர். ஆண்டுதோறும் இருவரையேனும், அவருள் ஒருவர் பெண்ணாக, கணிதமும் பௌதிகமும் பயில நமது சங்கம் பொருளுதவி செய்து அனுப்புதல் வேண்டும். இன்றே அந்நிதியைத் தொடங்குமாறு வேண்டி அமைகின்றோம்.