பட்டினிக்குப் பின் பேருணவு ஆகாது



ரப்பர், செம்பனை இளங்கன்றுகளை நடும்பொழுது குழியில் பாறைப் பாஸ்பேட் உரம் இடுகிறோம். வேர் ஊன்றி வளர அது துணைபுரிகிறது. அவ்வுரத்திலுள்ள பாஸ்பரசு நம் உடலுக்கும் இன்றியமையாத தாதுப்பொருளாகும்.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய 700 கிராம் பாஸ்பரசு உண்டு. அதில் நூற்றுக்கு 85 பங்கு எலும்பிலும் பல்லிலும் அடங்கியுள்ளது. எஞ்சியதில் பெரும்பகுதி உயிரணுக்களில் இருந்து, உண்ட உணவு ஆற்றலாக மாற உதவுகிறது. இரத்தத்தில் இருப்பது மிகச் சிறு பங்கே. அது மிகுந்தால் சிறுநீரகம் வெளியேற்றும். குறைந்தால் காத்து வைக்கும்.

பால், முட்டை, நெத்திலி, பருப்பு, நிலக்கடலை ஆகியவற்றில் பாஸ்பரசு நிறைந்திருப்பதால், ஒழுங்காக உண்பவருக்குக் குறைவு நேர்வது அரிது. அப்படியாயின் ஆபத்து யாருக்கு? பல நாள் சோறின்றிக் குடித்தே கிடந்தவருக்கும், நோயால் நெடுநாள் உண்ணாதிருந்தவருக்குமே.

இத்தகையவர் வீடு திரும்பியதும், அன்பு மேலிட்டுத் தட்டு நிறையச் சோறும் இனிப்புத் தேநீரும் தருகிறோம். அந்த அன்பே தீங்காகக் கூடும். மாவுச்சத்தும் சர்க்கரையும் உட்சென்றதும் இன்சுலின் சுரந்து, இரத்தத்திலுள்ள பாஸ்பேட்டை உயிரணுக்களுக்குள் செலுத்துகிறது. இருப்பு முன்பே வற்றியிருப்பதால் இரத்தத்தில் அதன் அளவு திடீரெனச் சரிகிறது. கைகால் தளர்ச்சி, மூச்சுத்திணறல், மனக்குழப்பம், வலிப்பு ஆகியவை தோன்றலாம், இதயமும் தளரலாம். 1945-இல் உலகப் போர் முடிந்தபொழுது, முகாம்களில் பட்டினியால் மெலிந்திருந்தோருள் சிலர் விடுதலை பெற்று வயிறார உண்டபின் மாண்டனர்.

ஆகவே, ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய உணவேயின்றி இருந்தவரை அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். எத்தனை நாள் உண்ணவில்லை, எவ்வளவு குடித்தார் என்பதை மறையாது கூறுவோம். மருத்துவர் இரத்தத்தைச் சோதித்து, வைட்டமின் பி1 கொடுத்து, உணவைச் சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டச் சொல்வார். குறைவு சிறிதாயின் வாய்வழியும், கடுமையாயின் நரம்புவழியும் பாஸ்பேட் அளிப்பார். நாமாகப் பாஸ்பேட் மாத்திரை வாங்கி உண்பது தவறு. சிறுநீரக நோயாளிகளுக்கு அது பெருங்கேடு விளைவிக்கும்.

பசித்தவருக்குச் சோறிடுவது நம் மரபு. அச்சோறு உயிர் காக்கும் சோறாக அமைய, மருத்துவர் சொற்படி அளவறிந்து இடுவோமாக.