தாவுவதைப் பார்க்கிறோம், இறங்குவதை?

வாலிபாலில் பெண்களுக்கான வலை 2.24 மீட்டர் உயரம். அதற்கு மேலே எம்பி ஒரு பெண் ஸ்மாஷ் அடித்தால் கைதட்டுகிறோம். அவள் எப்படித் தரையிறங்கினாள் என்று பார்க்கிறோமா?

காரைக்கால் கடற்கரையில் குதித்தால் அதிர்ச்சியை மணல் வாங்கிக்கொள்ளும். பள்ளித் திடலின் இறுகிய மண்ணில் அதை முழங்கால்தான் தாங்க வேண்டும். பூப்பெய்தும் வயதில் உயரம் சட்டென்று கூடுகிறது. தசை வலு அந்த வேகத்தில் கூடுவதில்லை. அதனால் சில பிள்ளைகளுக்கு இறங்கும்போது முழங்கால் உள்பக்கமாகச் சாய்கிறது. முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற தசைநார் கிழியும் ஆபத்து, குதித்துத் திரும்பும் விளையாட்டுகளில் பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கு அதிகம்.

உடல் அசையும் விதத்தைப் பார்க்க ஒரு சோதனை உண்டு. அமெரிக்காவின் கிரே குக், லீ பர்ட்டன் இருவரும் 1990களில் உருவாக்கியது. தலைக்கு மேல் கோலைப் பிடித்து முழுக்கக் குந்துவது, தடையைத் தாண்டிக் கால் வைப்பது, மல்லாந்து படுத்து ஒரு காலை நீட்டி உயர்த்துவது என மொத்தம் 7 அசைவுகள். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 3 மதிப்பெண், கூட்டினால் 21. இடம், வலம் என இரு பக்கமும் பார்க்கும் அசைவுகளில் குறைந்த மதிப்பெண்ணே கணக்கு. வலித்தால் பூஜ்யம்.

2007இல் அமெரிக்கக் கால்பந்து வீரர்களிடம் நடந்த ஓர் ஆய்வு, இந்தச் சோதனையின் கூட்டுத்தொகை 14ஆகவோ அதற்கும் கீழேயோ இருந்தால் காயத்துக்கு வாய்ப்பு அதிகம் என்றது. பின்னால் வந்த ஆய்வுகள் அதை அப்படியே ஏற்கவில்லை. கூட்டுத்தொகையை வைத்து யாருக்கு அடிபடும் என்று ஜோசியம் சொல்ல முடியாது. வலக்காலுக்கும் இடக்காலுக்கும் என்ன வித்தியாசம், எங்கே வலிக்கிறது என்பவைதான் கவனிக்க வேண்டியவை.

பி.டி. ஆசிரியர்கள் இதோடு இன்னொன்றும் செய்யலாம். பிள்ளை குதித்து இறங்குவதை எதிரே நின்று செல்போனில் ஸ்லோமோஷனில் எடுங்கள். முழங்கால் உள்ளே சாய்ந்தால், இரண்டு காலிலும் ஊன்றி, முழங்காலை மடக்கி, சத்தமில்லாமல் இறங்கப் பழக்குங்கள். இடுப்புக்கும் தொடைக்கும் வலுவூட்டும் பயிற்சியை வார்ம்அப்பிலேயே சேர்த்துவிடலாம். வலி என்று சொல்பவளை டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ அனுப்புங்கள்.

ஆனால் சோதனை மதிப்பெண்ணை வைத்து டீமுக்கு ஆள் எடுக்காதீர்கள். வலி என்று சொன்னால் இடம் போய்விடும் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் வாய் திறக்க மாட்டாள். அதன் பிறகு சோதனை நடத்தி என்ன பயன்?