ஒத்திகை உலகங்கள்

மெய்நிகர் உலகம் என்னும் சொற்றொடர் இந்நாளில் பலருடைய நாவிலும் வழங்குகின்றது. கண்ணை மறைக்கும் கருவியொன்றைத் தலையில் அணிந்துகொண்டு, இருந்த இடத்தில் இருந்தபடியே வேறோரிடத்தில் உலவுவதையே பெரும்பாலோர் இதனால் கருதுகின்றனர். ஆனால் இப்பொருளின் உயிர்நிலை அந்தக் கருவியில் இல்லை. மெய்யான வேலையைத் தொடுமுன், அதைப் போன்ற ஒன்றில் பழகிக்கொள்ளுதல் என்பதே இதன் கருத்து. நாடகத்தார் இதனை ஒத்திகை என்பர்.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் பழைய சாலையில் சிறுசேரி என்னும் ஊர் இருக்கின்றது. ஒரு காலத்தில் சிற்றூராக இருந்த அவ்விடத்தில் இன்று சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா விளங்குகின்றது. அங்கே பணிபுரிவோர் நாள்தோறும் ஆக்குபவற்றுள் எதையும் கையால் தொட இயலாது. எல்லாம் திரையில் தோன்றித் திரையிலேயே இயங்குவன. அக்கட்டடங்களைக் காணும் பெற்றோர் பலர் என்னிடம் ஒரு வினாவை எழுப்புகின்றனர். “ஐயா, வேலையே திரைக்குள் சென்றுவிட்டது, படிப்பும் திரைக்குள் சென்றால் என்ன? பள்ளியும் ஆசிரியரும் இனி எதற்கு?” இவ்வினாவை எள்ளி நகையாடுதல் தகாது. இதற்குரிய விடை, அதே வட்டாரத்தில் இன்னும் தெற்கே, கல்பாக்கத்தில் கிடைக்கின்றது.

கல்பாக்கத்தில் 500 மெகாவாட் ஆற்றலுள்ள முன்மாதிரி வேக ஈனுலை அமைந்துள்ளது. அதன் வெப்பத்தைக் கடத்துவது உருகிய சோடியம். அது காற்றுப்பட்டால் எரியும். நீர் பட்டால் சீறும். இத்தகைய உலையை இயக்கக் கற்பவர், உலையிலேயே தவறு செய்து பாடம் படித்தல் கூடுமோ? ஆகவே இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தார், மெய்யான கட்டுப்பாட்டறையைப் போலவே மற்றோர் அறையை அமைத்தனர். அதனைச் சிமுலேட்டர் என்பர். அதே மேசைகள், அதே விளக்குகள், அதே விசைகள். சுவருக்கு அப்பால் மட்டும் உலை இல்லை. உலையின் தன்மைகளைக் கணக்கிட்டுக் காட்டும் கணினிகளே உள்ளன.

இத்தகைய கூடங்களில் பயிற்சியாளருக்கென்று தனி மேசை உண்டு. அவர் அங்கிருந்தவாறே ஒரு பம்பை நிறுத்துவார். ஒரு வால்வைப் பழுதாக்குவார். கற்பவர் திகைப்பார், முயல்வார், சில வேளை தவறுவார். எவருக்கும் தீங்கில்லை. முடிந்தபின் இருவரும் அமர்ந்து, எந்த நொடியில் எது நிகழ்ந்தது, ஏன் அவ்வாறு செய்தாய் என்று பேசுவர். பயிற்சியின் சாரம் அந்தப் பேச்சில்தான் இருக்கின்றது. இயந்திரம் பிழை செய்ய இடம் தருகின்றது. பிழையைப் பாடமாக்குபவர் ஆசிரியரே.

இது புதிய எண்ணமன்று. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் 1929-ஆம் ஆண்டிலேயே, தம் தந்தையாரின் ஆர்கன் தொழிற்சாலையிலிருந்த துருத்திகளைக் கொண்டு, தரையிலிருந்தே ஆடியசையும் விமானப் பயிற்சிப் பெட்டியை உருவாக்கினார். முதலில் அதனைக் கேளிக்கைப் பொருளாகவே கருதினர். 1934-இல் படை விமானிகள் சிலர் கொடிய வானிலையில் தபால் சுமந்து சென்று மாண்ட பின்னரே, அதன் அருமை உணரப்பட்டது.

இனி, மறுபக்கத்தையும் காண்போம். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடியே நின்றுவிட்டது. மூடுக என்ற ஆணை சென்றதைப் பலகையிலிருந்த விளக்கு காட்டியதேயன்றி, வால்வு மூடியதா என்பதைக் காட்டவில்லை. உலையில் நீர் மிகுந்துவிட்டதென எண்ணி, இயக்குவோர் குளிர்விக்கும் நீரைக் குறைத்தனர். உலைக்கருவில் ஏறக்குறைய பாதி உருகியது. அவர்கள் பயிற்சி பெறாதவர்கள் அல்லர், சிமுலேட்டரில் பழகியவர்களே. ஆனால் அந்தச் சிமுலேட்டரில் இத்தகைய நிலை அமைக்கப்பட்டிருக்கவில்லை என்று, ஜான் கெமனி தலைமையிலான விசாரணைக் குழு கண்டது. கெமனி, 1964-இல் பேசிக் என்னும் கணினி மொழியை உருவாக்கிய இருவருள் ஒருவர். கணினியின் அருமை அறிந்தவரின் குழுவே அதன் எல்லையையும் எடுத்துக்காட்டிற்று. ஒத்திகை உலகம், அதை அமைத்தவர் எண்ணியதையே கற்பிக்கும். மெய்யுலகமோ எவரும் எண்ணாததையும் வினவும்.

ஆசிரியப் பயிற்சி பெற்ற எனக்கு இவ்வுண்மை அயலானதன்று. நுண்ணிலைக் கற்பித்தல் என்னும் முறை 1963-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தோன்றியது. உடன் பயில்வோரே மாணவராக அமர, ஐந்தாறு நிமிடம் ஒரு திறனை மட்டும் பழகி, குறை கேட்டு, மீண்டும் கற்பித்தல் அதன் முறை. நாங்களும் அவ்வாறு பயின்றோம், பயன் பெற்றோம். எனினும், காலையில் உண்ணாமல் வந்து கடைசி வரிசையில் தலைகவிழ்ந்திருக்கும் சிறுவன் அந்த ஒத்திகை வகுப்பில் ஒருநாளும் இருந்ததில்லை. அவனைப் பள்ளியில்தான் சந்தித்தேன்.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, இதனை நாடே உணர்ந்தது. 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி பாடங்களை வீடுதோறும் கொண்டுசென்றது. அதன் நன்மையை மறுப்பதற்கில்லை. ஆயினும் திரை பேசியது. குழந்தையின் நோட்டுப் புத்தகத்தைத் திரை பார்க்கவில்லை. முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகள் 2021 நவம்பர் 1 அன்று பள்ளிக்குத் திரும்புமுன்பே, இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை அரசு தொடங்கியது. அத்திட்டம் அனுப்பியது கருவிகளை அல்ல. தன்னார்வலர்களை, அதாவது மனிதர்களை.

ஆகையால் திரையை வெறுக்கவும் வேண்டா, வணங்கவும் வேண்டா. ஆபத்தானவை, அரியவை, தொலைவிலுள்ளவை ஆகியவற்றைத் திரையில் பழகுக. தில்லி ஐ.ஐ.டி.யின் தலைமையில் பல கல்வி நிறுவனங்கள் அமைத்த விர்ச்சுவல் லேப்ஸ் என்னும் இணையவழி ஆய்வகங்கள், ஆய்வுக்கருவி இல்லாத ஊர் மாணவருக்கும் சோதனை செய்து பார்க்கும் வாய்ப்பைத் தருகின்றன. அதனை ஆசிரியர்கள் தயங்காது பயன்படுத்துக. ஆனால் கையால் செய்யக்கூடியதைக் கையாலேயே செய்விக்க. மாமல்லபுரத்தில் 1957 முதல் இயங்கிவரும் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியில் பயிலும் மாணவன், ஐந்து ரதங்களின் அளவுகளைக் கணினியில் வரைந்து அறியலாம்; உளி விழும்போது கல் எதிர்க்கும் எதிர்ப்பைக் கல்லே அவனுக்குக் கற்பிக்க வேண்டும்.

பெற்றோர்க்கு ஒரு சொல். பிள்ளை திரையில் ஒன்றைக் கற்று முடித்தால், அருகில் அமர்ந்து, “என்ன செய்தாய்? எங்கே தவறிற்று? ஏன்?” என்று கேளுங்கள். இம்மூன்று வினாக்களைக் கேட்க அணு விஞ்ஞானம் தெரிந்திருக்க வேண்டுவதில்லை, எழுத்தறிவும் வேண்டுவதில்லை. பொறுமை ஒன்றே போதும். அவ்வாறு கேட்பார் ஒருவர் இருக்கும் வீடு, ஆசிரியர் உள்ள பள்ளியாகும்.