"கல்லெல்லாம் எங்கே போச்சு, சார்?"

(அரக்கோணத்தில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஏழாம் வகுப்புக்குச் சோழர் பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். இராசேந்திரன் கங்கை வரை வென்றதையும், 1025இல் கடாரத்துக்குக் கப்பற்படை அனுப்பியதையும், கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கியதையும் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். ஐந்து மதிப்பெண் வினா. அத்தோடு பாடம் முடிந்துவிடும்.

ஒருமுறை மாணவர்களைக் கல்விச் சுற்றுலாவாக அங்கே அழைத்துச் சென்றோம். கோயிலைப் பார்த்து வியந்தார்கள். பிறகு மாளிகைமேட்டுக்குப் போனோம். சுமார் 250 ஆண்டுகள் தலைநகராக இருந்த ஊரின் அரண்மனை இருந்த இடம் அது. 1980களில் தொல்லியல் துறை அகழ்ந்தெடுத்த செங்கல் அடித்தளங்கள் மட்டுமே அங்கே தெரிந்தன.

செங்கல் சூளையில் வேலை செய்பவரின் மகன் ஒருவன் கேட்டான்: "இவ்ளோ பெரிய அரண்மனைன்னா லட்சக்கணக்குல கல்லு இருந்திருக்குமே. அதெல்லாம் எங்கே போச்சு, சார்?"

"காலம் அழிச்சிடுச்சு தம்பி" என்றேன்.

"சுட்ட கல்லு தானா காணாமப் போகாது சார்" என்றான்.

ஊர் திரும்பித் தேடிப் படித்தேன். அவன் சொன்னதுதான் சரி. 1279 வாக்கில் சோழர் ஆட்சி முடிந்த பிறகு நகரம் கேட்பாரற்றுப் போனது. மேட்டைத் தோண்டிச் செங்கல்லை எடுத்துப்போனார்கள். 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் அணை கட்டுவதற்காகக் கோயில் மதிலின் கற்களையே பெயர்த்தார்கள். எஞ்சிய கோயில் 2004இல் உலக மரபுச் சின்னமானது.

மறுவாரம் வகுப்பில், "நான் சொன்னது தவறு" என்று சொல்லிவிட்டு இதை விளக்கினேன். "அணையால வயலுக்குத் தண்ணி வந்துச்சே, அது தப்பா சார்?" என்றாள் ஒரு மாணவி. பாடவேளை முழுவதும் வாதம் நடந்தது. அதுவரை என் வரலாற்று வகுப்பில் அப்படி நடந்ததில்லை.

நண்பர்களே, எல்லாப் பள்ளிகளாலும் அவ்வளவு தொலைவு போக முடியாது. பக்கத்திலேயே தக்கோலம் இருக்கிறது. 949இல் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையை எதிர்த்துப் போரிட்ட சோழ இளவரசன் இராசாதித்தன், யானைமேல் இருந்தபடியே உயிர்விட்ட களம் அது. அந்தத் தோல்வியிலிருந்து மீண்டெழுந்த அரசுதான் 76 ஆண்டுகளில் கடாரம் வரை சென்றது. அவ்வூர் ஜலநாதீசுவரர் கோயிலில் கல்வெட்டுகள் இருக்கின்றன. பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். அவர்கள் கேட்பதற்குப் பதில் தெரியாவிட்டால், என்னைப் போல் காலத்தின்மேல் பழி போடாமல், "தேடிப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள்.