பாலுவின் மண்குவளை

விளையாட்டு வீரர்களைப் பார்த்து விடாமுயற்சியைக் கத்துக்கோ என்று பள்ளிக்கூடத்தில் எனக்கும் சொன்னார்கள். பல்வங்கர் பாலுவைப் பற்றி மட்டும் ஒருத்தரும் வாய் திறக்கலை. செருப்புத் தைக்கிற சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளைக்காரன் கிளப்பில் ஆடுகளம் பார்த்துக்கொள்ளும் வேலை. துரைமார்களுக்கு வலையில் பந்து வீசி வீசியே கை தேர்ந்தது. இந்துக்கள் அணியில் சேர்த்துக்கொண்டார்கள், ஜெயிக்கணுமே! தேநீர் மட்டும் வெளியே, தனி மண்குவளையில். நம்ம ஊர் டீக்கடை ஞாபகம் வருதா?

1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் சாய்த்தார். அப்பவும் தலைவர் பதவி தரவில்லை. 1920இல் தம்பிகள் சிவராமும் விட்டலும், இந்த அவமானத்துக்கு மேல் ஆட மாட்டோம் என்று விலகினார்கள். பந்து அசைக்காததை அது அசைத்தது: 1923இல் விட்டல் தலைவர். அண்ணனுக்கு அந்தப் பதவியைக் கடைசிவரை கொடுக்கவே இல்லை.